கலிஃபோர்னியாவில் 1930களில் இறந்தவர்: கவுண்டியில் பதிவே இல்லை என்கிறார்கள்

கொள்ளுப்பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் கொள்ளுத்தாத்தாவுக்கு ராமசாமி என்று ஒரு தம்பி. 1912 வாக்கில் கப்பலேறி அமெரிக்கா போனவர், திரும்பவே இல்லை. அவர் நினைவாக எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கடித உறை. உள்ளே இருந்த கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. உறையில் எல் சென்ட்ரோ, கலிஃபோர்னியா என்று தபால் முத்திரை. வருடம் 1931ஆ 1937ஆ தெரியவில்லை, கடைசி எண்ணில் மை பரவிவிட்டது. அவர் இறந்த சேதியை அங்கிருந்த கூட்டாளி ஒருவர் எழுதிய கடிதம் அது. "ஆத்துக்கு அக்கரையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்களாம், அங்கயே முடிஞ்சுபோச்சாம்" என்று அப்பாயி சொல்லுவார். புகுந்த வீட்டில் அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

நான் இப்போது சான் ஹோசேயில் இருக்கிறேன். எல் சென்ட்ரோ இம்பீரியல் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) தலைநகரம் என்பதால் அந்தக் கவுண்டிக்கே விண்ணப்பம் போட்டேன். 1931 முதல் 1937 வரை தேடிவிட்டு, அப்படி ஒரு பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டிய பணம் தேடியதற்கான கூலி, திரும்பாது. மாநிலத்தின் இறப்புக் குறிப்பேடு 1905 முதல் 1939 வரைக்கும் இருக்கிறதே, அதில் ராமசாமி என்று எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் கூலிக்காரர்கள் இறந்தால் பதிவே செய்ய மாட்டார்களா?

லெட்ஜர் லட்சுமி:

தம்பி, பதிவு செய்திருப்பார்கள். "இல்லை" என்று வந்த பதிலுக்கு, இந்தக் கவுண்டியின் புத்தகத்தில் இந்தப் பெயரில் இல்லை என்றுதான் பொருள். நானும் அப்படி ஒரு கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவள்தான், அதனால் சொல்கிறேன்.

விடையை உங்கள் அப்பாயியே சொல்லிவிட்டார். ஆற்றுக்கு அக்கரை. இம்பீரியல் கவுண்டிக்குக் கிழக்கு எல்லையே கொலராடோ ஆறுதான். அதைத் தாண்டினால் அரிசோனா மாநிலம், யூமா நகரம். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான இறப்புப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. மாநிலம் மாநிலமாக, அதற்குள் கவுண்டி கவுண்டியாகத்தான் பதிவு. அதுவும் ஆள் எங்கே வாழ்ந்தார் என்று பார்ப்பதில்லை, உயிர் எங்கே போனதோ அந்த இடத்தில்தான் சான்று. முப்பது வருடம் கலிஃபோர்னியாவில் வரப்பு வெட்டியிருந்தாலும், கடைசி மூச்சு யூமாவில் என்றால் அவர் அரிசோனாவின் கணக்கு.

இதில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அரிசோனா மாநிலம் 1909 முதல் பதிவு செய்கிறது, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட இறப்புச் சான்றுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. முதலில் அங்கே பாருங்கள். பணம் கட்டுவதெல்லாம் அப்புறம்.

அடுத்தது பெயர். நம் ஆட்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. அவர்களுடைய படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் முன்னெழுத்தும். "ராமசாமி" என்று காதில் விழுந்ததும் குமாஸ்தா அதை இரண்டாக வெட்டி, சாமியைக் குடும்பப் பெயராக்கிவிடுவார். சில இடத்தில் ராம் குடும்பப் பெயராகும். சாம் என்றே எழுதிவிட்டுப் போனவரும் உண்டு. என் சித்தப்பா 1971இல் இங்கேதான் காலமானார். ஐந்து வருடம் அவர் பெயரில் தேடினேன். கடைசியில் தாத்தா பெயரில் இருந்தார்! அப்பா பெயர் முழுதாக, சொந்தப் பெயர் வெறும் முன்னெழுத்தாக.

அதனால் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். கவுண்டி, வருடம், பிறந்த நாடு இந்தியா என்று வடிகட்டிப் பாருங்கள். இனம் என்கிற கட்டத்தில் "இந்து" என்று இருக்கும். சீக்கியரோ முஸ்லிமோ, இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் அந்தக் காலத்தில் இங்கே எல்லோரும் "இந்து"தான். மக்கள்தொகைக் கணக்கிலும் 1920 முதல் 1940 வரை அப்படித்தான் எழுதினார்கள்.

அவருக்கு என்ன வயது இருக்கும்? 1886க்கு முன்னால் பிறந்தவராக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது.

கொள்ளுப்பேரன்:

கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு வயது இளையவர் என்பார்கள். அப்படியானால் 1884.

லெட்ஜர் லட்சுமி:

அப்படிச் சொல்லுங்கள். 1918 செப்டம்பர் 12 அன்று, முதல் உலகப் போருக்குப் படைக்கு ஆளெடுக்க, அதுவரை பதியாத 18 முதல் 45 வயது வரையுள்ள ஆண்கள் அத்தனை பேரும் பெயர் பதிய வேண்டியிருந்தது. வெளிநாட்டவரும்தான். அந்தப் பதிவு அட்டையில் நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும் கேட்டிருப்பார்கள். 1917இல் பதிந்த இளவட்டங்களின் அட்டையில் அது கிடையாது. ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அதில் "இந்தியன்" என்ற கட்டம் அமெரிக்கப் பழங்குடியினருக்கானது. எழுதுகிறவர் குழம்பிப்போய் நம் ஆளை அதில் தள்ளியிருக்கலாம்.

மைல்கல்:

லட்சுமி அம்மா சொன்னதே போதும். பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்காக மட்டும் ஒன்று. இம்பீரியல் கவுண்டியே 1907இல்தான் சான் டியேகோ கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய இறப்பு என்றால் சான் டியேகோவில் தேட வேண்டும். எந்தக் கவுண்டியாக இருந்தாலும் அது பிறந்த வருடத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் நெருங்கிய உறவு இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் நகலில், அடையாளத்துக்குச் செல்லாது என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். குடும்ப வரலாற்றுக்கு அதுவே தாராளம். விபத்து, சந்தேக மரணம் என்றால் கொரோனர் (மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைத் தாள் தனியாக இருக்கும். சான்றை விட அதில் கதை அதிகம்.

கொள்ளுப்பேரன்:

கிடைத்துவிட்டார்!

அரிசோனா, யூமா கவுண்டி, 1936 ஆகஸ்ட். குடும்பப் பெயர் சாமி, முதல் பெயர் ராம். இனம் இந்து. வயது "சுமார் 50". வழக்கமான இருப்பிடம் வின்டர்ஹேவன், கலிஃபோர்னியா. வரைபடத்தில் பார்த்தேன், யூமாவுக்கு நேர் எதிர்க்கரை. காரணம் வெயில் தாக்கு. அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டு கட்டத்திலும் "தெரியாது".

அந்தத் "தெரியாது"வைப் பார்த்ததும், இவர் வேறு யாரோ என்று மூடிவிடப் போனேன். அப்புறம்தான் தகவல் தந்தவர் கட்டம் கண்ணில் பட்டது. ஒரு சிங்கின் பெயர், முகவரி எல் சென்ட்ரோ. எங்கள் உறையில் இருப்பதும் எல் சென்ட்ரோ முத்திரைதானே. அப்படியென்றால் மை பரவிய அந்த எண் 7. இறந்து சில மாதம் கழித்து எழுதியிருக்கிறார்.

லெட்ஜர் லட்சுமி:

பார்த்தீர்களா! "தெரியாது" என்று போட்டதற்கு அந்த சிங்கைக் கும்பிட வேண்டும். பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாம் பக்கத்தில் நின்றவர் சொன்னதுதான், இறந்தவர் எழுந்து வந்து சொல்லப்போவதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதை நம்பிப் பத்து வருடம் தப்பான குடும்பத்தைத் துரத்தியவர்களை எனக்குத் தெரியும். இறந்த தேதி, இடம், காரணம் மூன்றையும் நம்பலாம், அவை டாக்டர் எழுதியவை.

அடக்கம் எங்கே என்று ஒரு கட்டம் இருக்குமே? தகனமா?

கொள்ளுப்பேரன்:

"எல் சென்ட்ரோவுக்கு அனுப்பப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. ஈமக்கிரியை செய்த நிறுவனத்தின் பெயர் கிறுக்கலாக இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த 1918 அட்டையும் கிடைத்தது. நெருங்கிய உறவினர் இடத்தில் ஊர்ப் பெயரை மூன்று துண்டாக உடைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்தான். கீழே கையெழுத்து, தமிழில்: மு. இராமசாமி. "மு" என்பது கொள்ளுத்தாத்தா போடுகிற அதே சுழி. வீட்டுப் பத்திரத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

லெட்ஜர் லட்சுமி:

தம்பி, அந்த அட்டையின் பின்பக்கத்தைப் புரட்டினீர்களா? உயரம், உடல்வாகு, கண், முடி எல்லாம் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.