டெல்டா ஃபோர்ஸில் எனக்குப் பொருத்தமான வகுப்பு எது?

வணக்கம் அண்ணாமாரே, தம்பிமாரே.

ஒட்டுசுட்டானில் இருந்து கைத்தொலைபேசியில் டெல்டா ஃபோர்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடி வருகிறேன். மூவர் குழுவாக இறங்கி, பொருட்களைச் சேர்த்து, உயிரோடு வெளியேறினால்தான் சேர்த்தவை சொந்தமாகும் என்ற ஆப்பரேஷன்ஸ் பிரிவில், தாக்குதல், உதவி, பொறியியல், வேவு ஆகிய 4 வகுப்புகளில் (வீரர் வகைகளில்) எதில் நிலைத்து நிற்பது என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

முதலில் தாக்குதல் வகுப்பு வீரனான டி-வுல்ஃபை எடுத்தேன். அவனுடைய ஓட்டமும் சறுக்கலும் அழகுதான். ஆனால், மாலை ஆறு மணிக்குப் பின்னர் இங்கே பிங் (இணைப்பின் தாமதம்) 200 மில்லிவிநாடியைத் தாண்டிவிடுவதால், நான் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டதாக என் திரை காட்டும்போதே, எதிராளியின் திரையில் வெட்டவெளியில் நின்று சூடு வாங்கிக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு வெளியேறும் இடத்தில், எண்ணிக்கை முடிய மூன்று விநாடி இருக்கையில் அப்படித்தான் பை முழுவதும் பறிபோனது. பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தவை மட்டுமே மிஞ்சின.

இந்த நிலையில், தூரத்தில் இருந்தே சக வீரர்களின் காயத்தை ஆற்றும், உதவி வகுப்பின் ஸ்டிங்கர் நல்லதா, அம்பெய்து எதிரிகளின் இருப்பிடத்தைக் காட்டும், வேவு வகுப்பின் லூனா நல்லதா? என் மனம் ஸ்டிங்கர் பக்கமே சாய்கிறது. என்னுடன் வரும் மச்சான்மார் இருவரும் (சொல்லாமல் கொள்ளாமல் முன்னால் ஓடுபவர்கள்) லூனாதான் வேண்டும் என்கிறார்கள். மந்தமான இணைப்பில் இவ்விரண்டையும் ஆடிப் பார்த்தவர்கள், எந்த வரைபடத்தில் ஆடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.