புது லேப்டொப்பில நாஸ் பெட்டி திறக்குதில்ல, இப்ப பழையதிலயும் இல்ல

கல்லடி_மத்தளம்:
எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில இருக்கன், ஓய்வு பெற்ற வாத்தியார். கொம்பியூட்டர் ஓரளவு தெரியும், நெட்வேர்க் எண்டா கொஞ்சம் இழுபறிதான்.

வீட்டில ரெண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி ஒண்டு இருக்கு, வீட்டு நெட்வேர்க்கில இருக்கிற எல்லாக் கருவியும் ஃபைல் எடுக்கிற பெட்டி. சுவிசில இருக்கிற மச்சினன் முந்தி ஒருக்கா வரக்குள்ள, தான் பாவிச்சதை எனக்குத் தந்திட்டுப் போனவர். எங்கட பக்கத்துக் கூத்து அரங்கேற்றங்களை நான் அந்தக் காலத்தில கெம்கோடரில எடுத்து வச்சிருந்தன். கெசட்டெல்லாம் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கினதால அத்தனையையும் இந்தப் பெட்டிக்குள்ள ஏத்தினன். ஒரு மணித்தியாலக் கெசட் ஒண்டு கிட்டத்தட்ட 13 ஜிபி வருது. விடிய விடிய ஆடுற வடமோடிக் கூத்துக்கு எவ்வளவு வரும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க.

பழைய லேப்டொப் விண்டோஸ் 10. அதில இசட் டிரைவ் எண்டு போட்டு வச்சிருந்தன், பாஸ்வேர்ட் ஒண்டும் கேக்காது, கிளிக் பண்ணினா திறக்கும். 2025 ஒக்டோபரோட விண்டோஸ் 10க்கு அப்டேட் நிண்டிட்டு எண்டு மகள் புது லேப்டொப் வாங்கித் தந்தா, விண்டோஸ் 11 புரோ. அதில நெட்வேர்க் எண்ட இடத்துக்குப் போனா பெட்டிட பேர் தெரியுது. கிளிக் பண்ணினா, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்குது எண்டு இங்கிலீசில ஒரு மெசேஜ். நிறுவனம் எங்க இருக்கு? வீட்டில நானும் மனிசியும்தான்.

மறுகா, போன கிழமை இடி மின்னலுக்குப் பயந்து எல்லா பிளக்கையும் கழட்டிப் போட்டுத் திரும்பக் குடுத்தன். அதுக்குப் பிறகு பழைய லேப்டொப்பிலயும் இசட் டிரைவ் திறக்குதில்ல. 80070035 எண்டு முடியிற ஒரு பிழை எண் வருது. ஆனா டீவியில அதே பெட்டியில இருக்கிற வீடியோ நல்லா ஓடுது! மின்னல் பெட்டியை அரைவாசி அடிச்சிட்டோ?

பென் டிரைவில கொண்டு போகவும் ஏலாது. ஃபைல் பெரிசு எண்டு சொல்லுது.

---

ஓட்டமாவடி_நெட்:
விண்டோஸ் ஃபீச்சர்ஸுக்குள்ள போய் எஸ்எம்பி 1ஐ (நெட்வேர்க்கில ஃபைல் பரிமாறுற பழைய முறை) ஓன் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்க சேர். அஞ்சு நிமிசம்.

---

மருதமுனை_ரிப்பேர்:
சேர், அதைச் செய்ய வேணாம். ஓட்டமாவடித் தம்பி கோவிக்கக் கூடா. 2017 மே மாசம் வனாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவினது அந்த எஸ்எம்பி 1இல இருந்த ஓட்டையாலதான். அதே வருசக் கடைசியில இருந்து விண்டோஸ் அதைக் கைவிடத் தொடங்கிட்டு. உங்களுக்கு அது தேவையும் இல்ல. பெட்டிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் எண்டா, இது பழைய எஸ்எம்பி 1 கேக்குது, பாதுகாப்பில்ல எண்டு வேற மெசேஜ் வந்திரிக்கும். விருந்தினர் எண்டு வருதெண்டா பெட்டி எஸ்எம்பி 2 கதைக்குது.

மின்னலும் அடிக்கல்ல. உங்களுக்கு ரெண்டு வேறவேற வருத்தம், ஒரே நேரத்தில வந்திரிக்கி. அதான் குழப்பம்.

பழைய லேப்டொப்: இசட் டிரைவை நீங்க பெட்டிட ஐபி எண்ணுக்குத்தான் (நெட்வேர்க்கில அதிட விலாசம்) போட்டிரிப்பீங்க. பிளக்கைக் கழட்டித் திரும்பப் போட்டதும் ரவுட்டர் பெட்டிக்கு வேற எண் குடுத்திரிக்கும். லேப்டொப் இன்னும் பழைய எண்ணுக்குப் போய்த் தட்டுது, அங்க ஆள் இல்ல. டீவி மீடியா சேர்வர் வழியாத் தானே தேடிப் பிடிக்கிறதால அதுக்கு எண் மாறினது தெரியாது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, இணைஞ்சிரிக்கிற கருவிகள் பட்டியல்ல பெட்டிட புது எண்ணைப் பாருங்க. அங்கேயே அந்த எண்ணைப் பெட்டிக்கு நிரந்தரமா ஒதுக்கி விடுங்க. இல்லாட்டி மாரி முடியுமட்டும் இதே வேலைதான்.

புது லேப்டொப்: விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பில இருந்து ரெண்டு விசயம் மாறிட்டு. போற வாற ஒவ்வொரு தரவுப் பொதியிலயும் டிஜிட்டல் கையெழுத்து வேணும், விருந்தினரா, அதாவது பாஸ்வேர்ட் இல்லாம, உள்ள போகவும் ஏலாது. கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்டில இருந்துதான் உருவாகுது. விருந்தினருக்குப் பாஸ்வேர்ட் இல்ல. ஐசி இல்லாம செக்பொயின்ற் தாண்டப் பாக்கிற மாதிரித்தான். அந்த மெசேஜ் கந்தோர்களுக்கெண்டு எழுதினது, வீட்டுக்கும் அதையே காட்டுறான்.

லேப்டொப்பில அந்தப் பூட்டைக் கழட்டவும் ஏலும், ஆனா கழட்டாதீங்க. பிரவுசரில பெட்டிட எண்ணை அடிச்சு அட்மின் பக்கத்துக்குப் போய், புதுசா ஒரு யூசர், நல்ல பாஸ்வேர்ட். கூத்து ஃபோல்டருக்கு அந்த யூசருக்கு வாசிக்க, எழுத அனுமதி. விருந்தினர் அனுமதியை நிப்பாட்டுங்க. எஸ்எம்பி உச்சப் பதிப்பு 2 அல்லது 3 எண்டு இரிக்கட்டும். பிறகு லேப்டொப் கேக்கக்குள்ள பெட்டிட யூசரையும் பாஸ்வேர்டையும் அடிங்க. லேப்டொப் திறக்கிற பின் நம்பர் அங்க செல்லாது, கடைக்கு வாற முக்காவாசிப் பேர் அதைத்தான் அடிச்சிட்டு வாறாங்க.

பென் டிரைவ் ஃபாட்32இல இரிக்கி. அதில ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. எக்ஸ்ஃபாட்டில ஃபோர்மட் பண்ணினாச் சரி, உள்ள இரிக்கிறதை முதல்ல வேற இடத்தில எடுத்து வச்சிட்டு.

---

கல்லடி_மத்தளம்:
தம்பி, நீங்க சொன்னது அச்சொட்டா அப்படியே. 192.168.1.12ஆ இருந்தது 192.168.1.7க்கு மாறிக் கிடக்கு. ஒதுக்கி விட்டன், இசட் டிரைவையும் புது எண்ணுக்கு மாத்தினன், பழைய லேப்டொப் திறந்திட்டு. பிறகு பெட்டியில யூசரும் செய்தன்.

புதுசில இப்ப வேற கூத்து. யூசர், பாஸ்வேர்ட் ரெண்டும் சரியாத்தான் அடிக்கிறன். ஒரே ஆள் ஒண்டுக்கு மேற்பட்ட பேரில அதே சேர்வரோட இணைய ஏலாது எண்டு சொல்லுது. 1219 எண்டும் ஒரு எண்.

---

களரி_மாணவன்:
சேர், நான் பதில் சொல்லட்டா, மருதமுனை நாநா கடையில பிசி போல. முதல் வேற பேரில போகப் பாத்த இணைப்பை விண்டோஸ் இன்னும் விடல்ல, அதான் 1219. கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து நெட் யூஸ் எண்டு அடிங்க, பிடிச்சு வச்சிருக்கிறதெல்லாம் காட்டும். அதே கட்டளைக்குப் பின்னால இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி, திரும்ப இடைவெளி, சாய்கோடு, டிலீட். எல்லாத்தையும் விட்டிடும். கிரெடென்ஷியல் மனேஜருக்குள்ள பெட்டிட பேரிலயோ எண்ணிலயோ பழையது ஏதும் இருந்தா அதையும் அழிச்சிட்டு, சைன் அவுட் பண்ணித் திரும்ப வாங்க.

நான் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிக்கிறன் சேர், உங்களுக்குக் கிட்டத்தான். தென்மோடிக் கூத்துப் பதிவு ஏதும் இருக்கா? தாளக்கட்டு கேக்கிறதுக்கு நல்ல பதிவு கிடைக்குதில்ல.

---

மருதமுனை_ரிப்பேர்:
தம்பி சொன்னது சரி. சேர், இன்னொண்டு. ரெண்டு டிஸ்க் இரிக்கெண்டு நிம்மதியா இரிக்காதீங்க. மிரரில, அதாவது ஒண்டில எழுதினது மத்ததிலயும் அப்படியே விழுற மாதிரிப் போட்டிரிந்தா, ஒண்டில அழிச்சது மத்ததிலயும் அந்த நிமிசமே அழிஞ்சிரும். பெட்டிட பவர் போர்ட் போனா ரெண்டும் ஒண்டாத்தான் நிக்கும். கல்லடிக் கடல் உப்புக் காத்துக்கு இரும்பே தாங்கல்ல. வெளியில ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க், வேற வீட்டில.

---

கல்லடி_மத்தளம்:
திறந்திட்டு! டீவியும் முந்தின மாதிரியே ஓடுது. எக்ஸ்டேர்னல் ஒண்டு வாங்கி களுவாஞ்சிக்குடியில மகள் வீட்டில வைக்கிறதெண்டு முடிவு.

மாணவன் தம்பி, தென்மோடி ரெண்டு இருக்கு. ஒண்டில மத்தளச் சத்தம் கொஞ்சம் கூட, கூத்துப் பழக்கின அண்ணாவியார் மைக்குக்குக் கிட்ட நிண்டிட்டார். சனிக்கிழமை பின்னேரம் வாங்க. டிஸ்க்கோட ஒரு நெட்வேர்க் கேபிளும் கொண்டு வாங்க, எங்கட வைஃபையில கொப்பி பண்ண வெளிக்கிட்டா நீங்க இரவுச் சாப்பாட்டுக்கும் இருக்க வேண்டி வரும். இருந்தாலும் பிரச்சினையில்ல, மனிசிட்டச் சொல்லிட்டன்.