வேலூரிலிருந்து சென்னை வானவில் பேரணிக்கு: ரெண்டு பெண்கள் ஒரே ரூமில் தங்கலாமா?

சத்துவாச்சாரி_பொண்ணு
எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர், என் காதலிக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. ரெண்டு வீட்டிலும் எங்களை ஃபிரெண்ட்ஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் கடைசி ஞாயிறு தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் சென்னையில் நடத்தும் வானவில் பேரணியை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப ஆசை. சனிக்கிழமையே போய் ஒரு ராத்திரி தங்கி, பீச்சுக்கும் போய்விட்டு, மறுநாள் பேரணி முடிந்ததும் ரயில் ஏறிவிடலாம் என்று திட்டம். இங்கே கோட்டைப் பூங்காவில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்தவர் யாராவது வந்துவிடுகிறார்கள், ஒருநாளாவது அந்தப் பயம் இல்லாமல் அவளோடு நடக்க வேண்டும். ரூம் கொடுப்பார்களா? போலீஸ் கேட்டால் என்ன சொல்வது? எல்லாவற்றையும் விட போட்டோதான் பயம், சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சென்னையில்தான் இருக்கிறார்கள்.

எழும்பூர்_அக்கா
நானும் வேலூர்க்காரிதான், இப்போது சென்னையில் இருக்கிறேன். ரூம் விஷயத்தில் பயமே வேண்டாம். ரெண்டு பெண்கள் ஒரே ரூம் கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், ஆணும் பெண்ணுமாகப் போனால்தான் ஆயிரம் கேள்வி. ஆளுக்கொரு ஐடி கேட்பார்கள், ரெஜிஸ்டரில் எந்த ஊர், எதற்காக வந்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். ஊர் சுற்ற என்று எழுதினால் போதும். சில லாட்ஜில் உள்ளூர் முகவரி இருந்தால் ரூம் தர மாட்டார்கள், உங்களுக்கு அந்தச் சிக்கலும் இல்லை. சின்ன லாட்ஜ் சிலவற்றில் பெண்கள் மட்டும் வந்தால் தயங்குவதுண்டு, அதனால் போகும்முன் போன் பண்ணிக் கேட்டுவிடு. எழும்பூரில் போட்டால் வசதி, சென்ட்ரலிலிருந்து கிட்டத்தான், பேரணியும் சில வருடங்களாக அந்தப் பக்கம்தான் நடக்கிறது.

ஒன்று முக்கியம்மா. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் வராதே. பெட்டி முழுக்க காட்பாடி, வாலாஜா, அரக்கோணம் சீசன் டிக்கெட்காரர்கள், தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறவர்கள், அதில் உன் அப்பாவைத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

கறுப்புக்_கோட்டு
சட்டம் பற்றி நான் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு ஒரே பாலினமானாலும் வயது வந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது குற்றமே இல்லை. கல்யாண உரிமை மட்டும் 2023இல் கிடைக்கவில்லை. நமக்கு அதைவிடக் கைகொடுப்பது 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட உத்தரவு. வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுத்தாலும், விசாரணையில் இருவரும் வயது வந்தவர்கள், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. அடுத்த வருடமே தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியிலும் இதைச் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று நம் மாவட்டத்து விஷயம். வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவருடைய தோழி போட்ட வழக்கில், 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்று சொன்னதோடு, கல்யாணம் பண்ணினால்தான் குடும்பம் என்றில்லை என்றும் சொன்னது. வேலூர் போலீஸ் சூப்பரின்டெண்டென்ட் அதில் எதிர்மனுதாரர். இந்தத் தீர்ப்பு இருப்பதையே நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதில்லை, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

பாலாறு_ரவி
சட்டம் எல்லாம் சரி, ஆனால் வீட்டில் தெரிந்தால் அடிவாங்கப் போவது இந்தப் பெண்கள்தான். பேரணியை விட்டுவிட்டு சும்மா சென்னை பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். கையில் சொந்தச் சம்பளம், போய்த் தங்க ஒரு இடம் இரண்டும் அமைந்த பிறகு கொடி பிடிக்கலாம்.

எழும்பூர்_அக்கா
ரவி, அக்கறை புரிகிறது, ஆனால் போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு நடப்பவர்கள் நிறையப் பேர், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பத்திரிகைக் கேமரா எல்லாம் முன்வரிசையையும் பேனரையும்தான் சுற்றும், நடுக்கூட்டத்தில் நடங்கள். போட்டோ எடுக்காதீர்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். கறுப்பு மாஸ்க் போட்ட ஒரு பெண்ணை அங்கே பார்த்திருக்கிறேன், பறை அடிக்க ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் வர ஆடிக்கொண்டிருந்தாள், மாஸ்க்கை மட்டும் கழற்றவே இல்லை. அப்படியும் கலந்துகொள்ளலாம். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நம் கையிலிருக்கும் போன் மூலமாகத்தான். ஸ்டேட்டஸ் போடாதே, வீட்டோடு லொகேஷன் ஷேரிங் இருக்கிறதா, உன் கேலரி தம்பி போனிலும் தெரிகிறதா என்று கிளம்பும்முன் பார்த்துவிடு.

தனியொருவன்_ஆற்காடு
இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நம் சிக்கல் வேறு. டேட்டிங் ஆப்பில் பழகி ரூமுக்கு வரச் சொல்லி, வீடியோ எடுத்து, வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிரட்டிப் பணம் பிடுங்கும் கும்பல்கள் உண்டு. முதல் சந்திப்பு டீக்கடையிலோ மாலிலோ இருக்கட்டும், வீடியோ காலில் முகம் பார்க்காமல் போகாதீர்கள், எங்கே போகிறோம் என்று நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவில் குற்றம்.

சத்துவாச்சாரி_பொண்ணு
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரவி அண்ணா சொன்னதையும் அவளிடம் படித்துக் காட்டினேன், மாஸ்க் போட்டாவது போகலாம் என்கிறாள். ஏலகிரி வேண்டாம், பத்து மணிக்கு மேல் வரும் வண்டியில் நான் காட்பாடியில் ஏறுகிறேன், அவள் வாலாஜாவில் ஏறட்டும். ரூமை இப்போதே போட்டுவிடலாமா?

எழும்பூர்_அக்கா
கொஞ்சம் பொறு. பேரணி தேதியும் இடமும் அறிவித்த பிறகு போடு, கேன்சல் பண்ணினால் பணம் திரும்ப வருகிற மாதிரி பார்த்துப் போடு. திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்பதிவில் எடுத்துவிடு, ஞாயிறு சாயங்காலம் அன்ரிசர்வ்டில் கால் வைக்க இடம் இருக்காது.