சுவிஸில் இராணுவத்துக்குப் பதிலாக சிவில் சேவை செய்த பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம் உறவுகளே. நான் கொழும்பு, வெள்ளவத்தை. சூரிச்சில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு 18 வயது. சுவிஸ் குடியுரிமை உள்ள பிள்ளை என்பதால் இராணுவ சேவைக்கான கடிதம் வந்துவிட்டது. நேற்று வீடியோ கோலில் அதைக் காட்டும்போது அக்காவின் கை நடுங்கியது. அங்கே சிப்பாய்கள் துவக்கை வீட்டுக்கே கொண்டுவருவது வழக்கம். “சண்டைக்குள்ளால ஓடிவந்த நான், என்ர அலுமாரிக்குள்ள துவக்கு வைக்கிறதோ?” என்று அழுகிறா.

பிள்ளையோ, “கடமை செய்யத்தான் வேணும் சித்தி, ஆனா முதியோர் இல்லத்தில செய்யிறன்” என்கிறான். 1996 முதல் அங்கே சிவில் சேவை உண்டு, நாட்கள்தான் இராணுவ சேவையைப் போல ஒன்றரை மடங்கு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நடக்க முடியாத ஒருவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திவிடுவதும் நாட்டுக்குச் செய்வதுதானே. யாரையும் கட்டாயப்படுத்தித் துவக்குத் தூக்க வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் பிள்ளைகள் யாராவது செய்தார்களா? விண்ணப்பத்தை எந்தக் கட்டத்தில் கொடுத்தீர்கள்? தொழில் பழகும் இடத்தில் லீவு தந்தார்களா? அக்காவுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. தமிழில் பொறுமையாக விளக்கக்கூடியவர்கள் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள், அவவின் இலக்கம் தருகிறேன்.