'பணிநீக்கம்' போதவில்லை, ஒரு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஈரோட்டில் ஓர் உள்ளூர் சேனலுக்காக ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பட்டிமன்ற நடுவர் ஒருவருக்கானது. அவர்மேல் புகார் எழுந்து சேனலின் பேர் கெடும் நிலை வந்தால், விசாரணைக்குக் காத்திராமல் விலக்கிவிடலாம் என்று ஒரு ஷரத்து. இப்படி விலக்குவதற்கு என்ன சொல் போடுவது? அங்கேயே நின்றுவிட்டேன்.

இடைநீக்கம் என்றால் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைப்பது. ஆலைத் தொழிலாளிக்கு முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும். பணிநீக்கம் என்றாலோ, விசாரித்தார்கள், குற்றம் மெய்தான், அனுப்பிவிட்டார்கள் என்றே கேட்பவர் காதில் விழுகிறது. இது இரண்டும் இல்லை. ஊர்ப் பேச்சும் கைகொடுக்காது. எல்லாவற்றுக்கும் 'நிறுத்திட்டாங்க' ஒன்றுதான்.

செயல் நமக்குப் புதிதல்ல. பேப்பரில் பார்த்திருப்பீர்கள்: பாஸ்போர்ட் அளவில் ஒரு முகம், கீழே 'இப்படத்தில் உள்ளவர் எங்கள் நிறுவனத்திலிருந்து விலகிவிட்டார். இவருடன் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இரண்டு வரி. என்ன செய்தார் என்று மட்டும் இருக்காது. டீக்கடையில் அதைப் படிக்கிறவர் மீதியைத் தானே எழுதிக்கொள்வார்.

என் பரிந்துரை: பெயர்காப்பு நீக்கம். காக்கப்படுவது நிறுவனத்தின் பெயர். 'குற்றச்சாட்டு நீக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். குற்றச்சாட்டையே நீக்கிவிட்டது போல இருந்தது. 'பழிநீக்கம்' அதைவிட மோசம், ஆளுக்கு மாலை போட்டு அனுப்பியது போல.

*

அண்ணா, வணக்கம். கோவையில் வக்கீலாக இருக்கிறேன். இரண்டு கம்பெனிகளின் விசாகா கமிட்டியில், அதாவது வேலையிடத்துப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழுவில், வெளி உறுப்பினராகவும் உட்கார்கிறேன்.

சொல் நன்றாகத்தானுங்க இருக்கிறது. ஆனால் அதில் புகார் கொடுத்த பெண்ணைக் காணோமே? பேருக்குப் பயந்து ஓர் அப்பாவியைத் துரத்திவிட்டார்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. கனடாவில் சிபிசி வானொலி, பாலியல் வன்முறைப் புகாருக்கு ஆளான தன் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜியான் கோமேஷியை 2014 அக்டோபரில் நீக்கியது. 2016 மார்ச்சில் நீதிமன்றம் அவரை விடுவித்ததும், 'அப்போ நீக்கினது தப்புதானே' என்றார்கள். அதெப்படி? சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது சிறைக்கு அனுப்புவதற்கான அளவுகோல். மைக்கைக் கையில் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கும் அதே தராசா? எஞ்சிய ஒரு வழக்கு, உடன் வேலை பார்த்த பெண்ணிடம் அவர் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்ட பிறகே கைவிடப்பட்டது.

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான நம் 2013 சட்டம் விசாரணையை முடிக்க 90 நாள் தருகிறது. அந்த 90 நாளும் அந்தப் பெண் அதே லிஃப்டில் அதே ஆளோடுதான் ஏறி இறங்க வேண்டும் என்றால், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

*

அம்மிணி, நீங்கள் சொல்வது நியாயந்தான். தராசு வேறு என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய கனடாக் கதைதான் என் சொல்லுக்கே சாட்சி. அந்த நிறுவனம் வெளியாளை வைத்து விசாரித்து 2015இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? அலுவலகத்துக்குள் அவர் நடந்துகொண்ட விதத்தை மேலாளர்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள் என்று. உள்ளே இருந்தவர்கள் சொன்னபோது அசையவில்லை. விஷயம் வெளியே வரப்போகிறது என்றதும் ஆளை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணை நிறுவனமே காணவில்லை, அப்புறம் சொல்லில் எப்படி வருவார்? அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று 'பணிநீக்கம்' ஒரு பொய்யைச் சேர்த்துச் சொல்கிறது. என் சொல் அதைச் சொல்லாது.

அந்தத் தொனி பற்றிச் சொன்னீர்களே, அதற்காக வரையறையைச் சுருக்குகிறேன். விசாரணை முடித்து அனுப்பினால் அது வெறும் பணிநீக்கம். விசாரணைக்கு முன்பாகவோ, விசாரணையே இல்லாமலோ, நிறுவனத்தின் பெயரைக் காக்க உறவை முறிப்பது மட்டுமே பெயர்காப்பு நீக்கம். நீக்கப்பட்டவர் குற்றவாளி என்றோ அப்பாவி என்றோ இச்சொல்லுக்குப் பொருளில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிடலாம்.

உங்கள் லிஃப்ட் விஷயத்துக்கு இடைநீக்கமே போதும் என்று நினைக்கிறேன். விசாரணை முடியும்வரை திரையில் காட்டாமல் சம்பளத்தோடு வைத்திருக்கலாமே என்று சேனல்காரரிடமும் கேட்டேன். "அதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லீங்க" என்றார்.

இன்னொன்று. பெயர்க்காப்பா, பெயர்காப்பா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 'உயிர்காப்பு' போல, க் வேண்டாம். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை பத்திரத்தைக் கொடுக்க வேண்டும்.