உடலும் துணைக்கருவியும் நிறம் பொருந்தாத பழைய வேக்குவம் கிளீனர்: அசல் தொகுப்பா, ஒட்டுவேலையா?

மரகதம்: பட்டியலில் சேர்க்க வந்த புகைப்படத்தில் இயந்திரத்தின் உடல் வெளிர் நீலமாகவும் தரைத் தூரிகை பச்சை கலந்த நீலமாகவும் இருந்தால், அந்தத் தூரிகை வேறொரு இயந்திரத்துக்கு உரியது என்றே கொள்கிறேன். ஹூவர் 1936-இல் வெளியிட்ட 150 மாதிரியை ஹென்றி டிரேஃபஸும், எலக்ட்ரோலக்ஸ் 1937-இல் வெளியிட்ட முப்பதாம் மாதிரியை லூரெல் கில்டும் வடிவமைத்தார்கள். தோற்றத்துக்கென்றே வடிவமைப்பாளர்களை அமர்த்திய ஒரு தொழில், நிறம் பொருந்தாத துணைக்கருவியைப் பெட்டியில் வைத்து விற்றிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கணியன்: விற்றபோது பொருந்தியது இன்றும் பொருந்த வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? உடல் பெரும்பாலும் வண்ணம் பூசிய உலோகம், தூரிகை போன்ற முனைகளோ ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக், காற்றை இழுக்கும் ஹோஸ் குழாய் பிவிசி. ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டாடையீன் என்னும் ரப்பர்ப் பகுதி ஒளியும் ஆக்சிஜனும் பட்டு மஞ்சளிக்கிறது, நீலத்தின்மேல் அந்த மஞ்சள் படிந்தால் நீங்கள் சொல்லும் பச்சைதான் கிடைக்கும். பிவிசி ஹோஸ் வேறு வழியில் கெடுகிறது: அதை வளைய வைக்கும் மென்மையாக்கி மெல்ல மேற்பரப்புக்குக் கசிவதால் பிசுபிசுப்பு வந்து, தூசு ஒட்டி நிறம் மங்குகிறது. மூன்று பொருள்களும் இன்று ஒரே நிறத்தில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மரகதம்: அப்படியானால் மஞ்சளிப்பு ஒளி பட்ட இடத்தில் மட்டுமே மிகுந்திருக்க வேண்டும். தூரிகைமயிர்ப் பட்டையைக் கழற்றி, அது மூடியிருந்த பள்ளத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே பச்சை இருந்தால், அது முதுமையால் வந்திருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் வார்க்கும்போதே சேர்த்த நிறமி.

கணியன்: சோதனை நல்லதுதான், முடிவுதான் அவசரமானது. பள்ளத்தில் பச்சை இருப்பது நிறமி வேறாக இருக்கலாம் என்று காட்டுமே தவிர, இயந்திரம் வேறு என்று காட்டாது. உலோகப் பூச்சும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தை எட்டும்போது, ஒரு விளக்கின்கீழ் ஒத்திருப்பவை இன்னொன்றின்கீழ் பிரிந்து தெரிவது வழக்கம். குண்டு விளக்கில் ஒன்று, பகலில் ஜன்னலோரம் ஒன்று எனப் பார்க்காமல் எடுத்த ஒற்றைப் புகைப்படத்தை வைத்து நாம் தீர்ப்புச் சொல்கிறோம்!

யாழிசை: இடையே ஒன்று. மஞ்சளை நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைப்பவர்கள், நீங்கள் இருவரும் வாதிடும் சான்றையே அழித்துவிடுகிறார்கள். மஞ்சள் பிறகு திரும்பியும் வரக்கூடும்.

மரகதம்: விளக்கு பற்றிய பேச்சை ஏற்கிறேன். ஆயினும் பள்ளத்திலும் வெளியிலும் ஒரே பச்சை என்றால், அதே வார்ப்பு எண் (அச்சில் வார்க்கும்போது பதியும் எண்) கொண்ட இன்னொரு முனையோடு ஒப்பிடாமல் அதை ‘அசல்’ என்று பட்டியலிட விடமாட்டேன்.

கணியன்: நானோ, அதே காரணத்துக்காக ‘மாற்றப்பட்டது’ என்றும் எழுத விடமாட்டேன். ‘நிறம் வேறு, காரணம் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள்.