சந்தை சரியும்போது ஐடி பங்கை நீண்ட காலத்துக்கு வைத்திருக்கலாமா?

வேளச்சேரி வாசகி:
என் கணவருக்குச் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. சேமிப்பில் பெரும்பகுதியை வேறொரு பெரிய ஐடி நிறுவனத்தின் பங்கில் போட்டிருக்கிறோம். 2021 கடைசியில் அதிக விலைக்கு வாங்க ஆரம்பித்து, இறங்க இறங்கச் சேர்த்து வந்தோம். நிறுவனத்துக்குக் கடன் இல்லை, லாபத்தில் பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்டும் தவறுவதில்லை. ஆனாலும் இரவில் அமெரிக்கச் சந்தை விழுந்தால், காலை 9.15க்கு நம் சந்தை திறக்கும் முன்பே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பத்து ஆண்டுகளுக்குத் தொடவே கூடாது என்கிறார் என் அண்ணன். இன்னும் வாங்குவதா, பாதியை விற்பதா?

திருவான்மியூர் முதலீட்டாளர்:
விற்காதீர்கள் சகோதரி. 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. 2004இல் 850 ரூபாய்க்கு வெளியான டிசிஎஸ் என்ற ஐடி நிறுவனத்தின் பங்கு ஒன்று, 2006, 2009, 2018இல் இலவசமாகத் தந்த போனஸ் பங்குகளால் எட்டாகியிருக்கிறது. பொறுமைதான் பணம்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
மேலே சொன்னவருடன் நான் உடன்படவில்லை. 2020இல் மீண்டது ஒட்டுமொத்தச் சந்தை. தனியொரு பங்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மைக்ரோசாஃப்டைப் பாருங்கள். 1999 டிசம்பரில் தொட்ட உச்ச விலையைத் தாண்ட அதற்கு 2016 ஆயிற்று. இத்தனைக்கும் அந்த இடைவெளியில் அதன் விற்பனை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. தொழில் நன்றாகத்தான் நடந்தது, வாங்கிய விலைதான் அதிகம். பதினாறு ஆண்டுகள் காத்திருக்க உங்கள் மகளின் கல்லூரிக்கு முடியுமா?

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று அம்மா. நம் பெரிய ஐடி நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வாடிக்கையாளர்கள் கையை இறுக்கினால் பங்கு விலை இறங்கும். அதே மாதத்தில் உங்கள் வீட்டுக்காரரின் ஊதிய உயர்வும் நிற்கும், வேலையே ஆட்டம் காணலாம். சம்பளமும் சேமிப்பும் ஒரே தூணில் நிற்பதுதான் ஆபத்து. டிவிடெண்ட் அதை ஈடுகட்டாது.

கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் தொகையை மட்டுமாவது வெளியே எடுத்து வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்கின் லாபத்தில், அதாவது நீண்ட கால லாபத்தில், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். எனவே ஒரு பகுதியை மார்ச் 31க்கு முன்பும் மறுபகுதியை ஏப்ரலிலும் விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் சலுகையும் கிடைக்கும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்காகும். அப்படி முதலில் விற்றதாகும் உங்கள் 2021 பங்குகளில் நட்டம் வந்தால், வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். அந்த நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை பின்னால் வரும் நீண்ட கால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மிச்சப் பங்குகளைத் தாராளமாக வைத்திருங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

வேளச்சேரி வாசகி:
நன்றி ஐயா. என் கணவருடைய நிறுவனமும் ஊழியர் பங்குகள் கொடுத்திருக்கிறது. அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
கட்டாயம். விற்க அனுமதி வந்திருந்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். சம்பளம் தரும் இடத்திலேயே சேமிப்பும் இருக்க வேண்டாம்.